நான் தாண்டிய மூன்றாம் பக்கம்

காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. ஒருமுறை, மூலக்கூறுகள் கிளைகிளையாய்ப் பிரிந்திருக்கும் பாலிமர் பசை ஒன்றுக்கு உரிமை கேட்டிருந்தார்கள். சூடாக்கினால் ஒட்டு விடுமாம், ஆறினால் மறுபடி ஒட்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நன்னிலத்தில் கதிர் அரிவாளுக்கு அரக்கு வைத்துப் பிடி போடுவது இப்படித்தானே? ‘புதுமை இல்லை’ என்று ஆட்சேபம் எழுதினேன்.

விசாரணையிலும் அரிவாள் பெருமையை விஸ்தாரமாகப் பேசினேன். விண்ணப்பித்த பெண் விஞ்ஞானி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“எனக்கும் திருவாரூர் பக்கம்தாங்க. அரக்கு வெறுமனே உருகி இறுகுது. இதுல மூலக்கூறோட பிணைப்பே அறுந்து திரும்பச் சேருது. மூணாம் பக்கத்துல எழுதியிருக்கேன் சார்.”

புரட்டினேன். அரிவாள் படமே போட்டிருந்தார்.

ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் வேலை நேரத்தில் ஊர் ஞாபகம் வந்தால், முதலில் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிடுகிறேன்.