கதவை அடைத்த மாத்திரை

போன வாரம் தரமணிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? என் தங்கை மகள் மல்லிகா அங்கே விஞ்ஞானி. அவளைப் படிக்க வைத்தது யார்? திருமுடிவாக்கத்தில் இருக்கிற என் லேத் பட்டறைதான்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். எலிக்குட்டியின் நரம்பு செல்களாம். பிசிறு பிசிறாக நூல் பிரிந்து கிடந்தது.

“சிம்பதெடிக் நரம்பு மாமா, பிரஷரை ஏத்தி வைக்கறது. ஒரு ரசாயனத்தை வெளிய விடும். வேலை முடிஞ்சதும் கதவு மாதிரி ஒண்ணு வழியா உள்ள இழுத்துக்கும். அந்தக் கதவை எவ்ளோ செய்யணும்னு ஜீன் ஆர்டர் போடும். அந்த ஆர்டர் ஏறுதா இறங்குதான்னு பாக்கறதுதான் என் வேலை.”

“ப்ரொடக்‌ஷன் சூப்பர்வைசர்னு சொல்லு” என்றேன். சிரித்தாள்.

அடுத்து அவள் சாதாரணமாகச் சொன்னதுதான்... “பழைய பிரஷர் மாத்திரை ஒண்ணு இதே கதவு வழியாத்தான் உள்ள போவும். மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கற சில மாத்திரை கதவை அடைச்சிடும். ரெண்டையும் சேத்து சாப்ட்டா பிரஷர் இறங்காது மாமா.”

எனக்கு என் மச்சான் ஞாபகம் வந்துவிட்டது.

மச்சான், அதாவது அவள் அப்பா, பிரஷரில் போனவர். அவள் சொன்ன அந்தப் பழைய மாத்திரையைத்தான் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுவந்தார். காரியம் முடிந்தபின் தங்கை அழுதுகொண்டே என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். மச்சான் கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு மனநல டாக்டரிடம் ரகசியமாகப் போய்வந்தாராம். தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை. அந்த மாத்திரைகளைச் சத்து மாத்திரை பாட்டிலில் கொட்டி வைத்திருந்தார்.

“மல்லிகாவுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். பைத்தியக்கார வூடுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?” என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிவிட்டார். மகளுக்குக்கூடத் தெரியக்கூடாது. மகள் அப்போதே இந்த லேபில்தான் இருந்தாள்.

பிரஷர் எகிறியது. உப்பை நிறுத்தினோம், ஊறுகாயை ஒழித்தோம். தாம்பரத்திலேயே பெரிய நர்சிங் ஹோமில் நான்தான் சேர்த்தேன். மச்சான் அரை மயக்கத்தில் கிடந்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தங்கையிடம் கேட்டார் — “வேற எதுனா மாத்திரை சாப்புடறாராம்மா?”

கட்டிலைச் சுற்றி, மல்லிகாவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டார், கையில் சாத்துக்குடியும் பிஸ்கட்டுமாக. தங்கை அவர்களைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.

“இல்ல சார். சத்து மாத்திரை மட்டும்தான்.”

அந்த வாரமே மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. அதே மாப்பிள்ளைதான்.

எல்லாவற்றையும் மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன், நின்ற இடத்திலேயே. அவள் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா மாமா?”

“மாத்திரை தெரியும். கதவு தெரியாது.”

“சொல்லாதீங்க.”

டாக்டர்மார்களே, அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்னால் கட்டிலைச் சுற்றி நிற்கிற எங்களை வெளியே அனுப்புங்கள். பில் கட்டுகிற என்னையும் சேர்த்துத்தான்.

என் தங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டுவது நான்தான். இந்த வாரம் பத்திரிகை வரவில்லை என்று சொல்லிவிடுவேன்.