ஊருக்கே கேட்ட பாவசங்கீர்த்தனம்

இன்று மாலை மாதா கோயிலில் நடந்ததற்கு மனசு இன்னும் ஆறவில்லை.

மில் சத்தத்தில் காது போன என் அண்ணன், சாமியாரிடம் மட்டும் ரகசியமாகப் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார்; துணைக்கு நானும் போனேன். "நீங்க கேட்கறதை இதுல எழுதிக் காட்டிப்போட்டு அழிச்சிருங்க, சாமி" என்று சிலேட்டை நீட்டினேன்.

"அதெல்லாம் வழக்கம் இல்லை" என்றார் சாமியார்.

அண்ணன் மெதுவாகத்தான் சொன்னார். சாமியார்தான் கூண்டுக்குள்ளிருந்து கத்தினார்: "கள்ளச்சாராயமா? எத்தனை தடவை குடிச்சே?"

வரிசையில் அடுத்து நின்றவர் அண்ணனுடைய மில் மேஸ்திரி.

"ஏனுங்க சாமி, இது ரகசியமில்லீங்களா?" என்றேன்.

"காது கேட்காதவனுக்கு வேற எப்படிச் சொல்றது?"

சிலேட்டு என் கையிலேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானும் போகிறேன். சாமியார் மேல் கோபப்பட்ட பாவத்தை, வரிசைக்கே கேட்கும்படி சொல்லப்போகிறேன். எனக்குப் பின்னால் நிற்க யார் யார் வருகிறீர்கள்?