இரண்டால் பெருக்கச் சொன்னவர்

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை நான்தான் வீடியோ எடுப்பேன். வெளி ஸ்டுடியோவில் டேப்பைக் கொடுத்தால் அங்கே இருக்கிற ஆண்கள் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால், அதை வெட்டி ஒட்டி சிடியாக்கும் வேலையும் தேவிபட்டினத்தில் என் வீட்டிலேயே நடந்தது. கணவர் சவூதியில் இருந்தார். வீட்டில் நானும் அவருடைய அம்மாவான மாமியும் மட்டும்தான்.

எடிட்டிங் நடுவில் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதால், இராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழைய மெமரியைக் கழற்றிவிட்டுப் புது ரேம் போட்டுக்கொண்டு வந்தேன். 667 வேகம் என்று பில்லிலும் இருந்தது, ரேமில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருந்தது. ஆனால் வேகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், மெமரி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் சின்ன புரோகிராம் ஒன்று கிடந்தது. போட்டுப் பார்த்தேன். 266.6 என்று காட்டியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாதிகூட இல்லையே! மறுநாள் காலையில் சிபியூவைப் போர்வையில் சுற்றி, மாமியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறியவர்களுக்கு நடுவே, அதில் தண்ணீர் பட்டுவிடாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

கடைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். 266.6 என்று நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஏங்க்கா, இதுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீக? இந்த ரேம்ல புரோகிராம் பாதியத்தான் காட்டும். ரெண்டால பெருக்கிக்கணும். வீட்ல ஆம்பளைக யாராச்சும் இருந்தா போன் பண்ணச் சொல்லுங்க, நான் வெளக்கிர்றேன்.”

கடையில் நின்ற இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிபியூவைப் போர்வையிலிருந்து எடுக்கக்கூட அவர் விடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். “அப்படியா, தெரியாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. மாமி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் சிரிச்சான், சரி. நீ எதுக்குமா சேந்து சிரிச்ச?”

தலை குனிந்துகொண்டேன். கையில் அந்தத் தாள் இருந்தது. அவர் சொன்ன மாதிரியே பெருக்கினேன். இரண்டு 266, 532. புள்ளிக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்தால் 533. மறுபடியும் போட்டேன். 533தான். 667 எங்கே?

அவர் சொன்ன விதி சரி. அதை வைத்து ஒரு தடவையாவது பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இவள் பெருக்கிப் பார்க்கமாட்டாள் என்ற தைரியம். அதை நினைக்க நினைக்கத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“எறங்குங்க மாமி” என்றேன்.

கடையில் தாளை மேஜைமேல் வைத்தேன். “நீங்க சொன்ன மாதிரி பெருக்கிட்டேன். 533 வருது. நீங்க வித்தது 667. மாட்டிப் பாருங்க.”

“உங்க மதர்போர்டு அதுக்கு மேல தாங்காதுக்கா.”

“போர்டோட வந்த புத்தகத்தப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். 667 தாங்கும்னு போட்டிருக்கு.”

மாமி அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாத்துக் குடுங்க தம்பி. நாங்க அடுத்த பஸ்ஸுக்குப் போறோம்” என்றார்.

வேறு வழியில்லாமல் அவர் சிபியூவைத் திரையோடு இணைத்தார். விண்டோஸ் வருவதற்கு முன் ஒரு பட்டனைத் தட்டி செட்டிங்குக்குள் போனார். மெமரி வேகம் என்ற இடத்தில் 533 என்று கையால் வைக்கப்பட்டிருந்தது. கழற்றிப்போட்ட பழைய ரேமின் வேகம் அது. புதியதை மாட்டியபோது அதை மாற்ற மறந்திருக்கிறார். மாற்றிவிட்டு அந்தப் புரோகிராமைத் திறந்தார். 333.3. நான் அவருக்கு முன்னாலேயே இரண்டால் பெருக்கினேன்.

“அம்புட்டுத்தான்க்கா. சின்ன செட்டிங்கு.”

“சின்னதுதான். காலையிலேயே பெருக்கிப் பாத்திருந்தா இன்னும் சின்னதா இருந்திருக்கும்.”

அவர் காது கேட்காதவர் போல வேறொருவருக்குக் கீபோர்டு எடுத்துக் காட்டப் போய்விட்டார். தப்பு தன்மேல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேகம் கூடியதா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நின்றுபோவது புது ரேம் போட்டதுமே குறைந்திருந்தது. சிடி எழுத எடுத்த நேரம் ஒன்றுபோலத்தான் பட்டது. அதற்காக என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. அடுத்து ஹார்ட் டிஸ்க் வாங்க இரண்டு பஸ் மாறிப் பரமக்குடிக்குப் போனேன். அங்கேயும், “வீட்ல கம்ப்யூட்டர் யாரு பாக்குறாக?” என்றுதான் கேட்டார்கள். “நான்தான்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.