வாலில்லாத பாம்பும் வடிவம்மாவின் தனி வீடும்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வடிவம்மாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: தனி வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், பத்தடிக் காம்பராவில், பக்கத்து அறைக் குறட்டையைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்தில் தனி வீடுகள் கட்டினார்கள். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் கோவா என்னும் முட்டைக்கோஸ் போடலாம், முன்பக்கம் ரோசாச் செடி வைக்கலாம் என்று அவள் தூக்கத்தில்கூடத் தோட்டம் போட்டாள். பொங்கலுக்குள் குடிபோகாவிட்டால் வீடு வேறு ஆளுக்கு என்று ஆபீசில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் லிங்கம் ஒரு வாலை வெட்டித் தொலைத்தான்.

உரக்குழியில் மம்பட்டியைப் போட்டபோது, பழுப்பாக விரல் நீளத்தில் ஏதோ இரண்டு துண்டானது. தலைத்துண்டு மண்ணுக்குள் புகுந்துவிட்டது. வால்துண்டு மட்டும் அவன் காலடியில் துள்ளித் துள்ளி ஆடியது. அடிபட்டுத் தப்பிய பாம்பு, அடித்தவனைத் தேடி வந்தே தீரும் என்பது லயத்தில் எல்லாரும் நம்பிய சங்கதி. அன்றிலிருந்து லிங்கம் தரையில் காலை வைப்பதில்லை. கட்டிலிலிருந்து பெஞ்சுக்கும், பெஞ்சிலிருந்து வாசற்கல்லுக்கும் தாவினான். வேலைக்கு மட்டும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஓடினான்.

"புது வூட்டச் சுத்தி வெறும் கொத்துன மண்ணு. அது அங்கதான் காத்துக்கிட்டு இருக்கும். நான் வரமாட்டேன் புள்ள" என்றான்.

"வெரல் தண்டி இருக்குறது ஒங்கள என்னாங்க பண்ணும்?"

"வெசத்துக்கு நீளம் என்னா, அகலம் என்னா?"

வடிவம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேவலம் ஒரு வாலுக்காக வீட்டை விடுவதா? ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் நேரே உரக்குழிக்குப் போய், ஓரத்தில் உளுத்துக் கிடந்த கட்டையைப் புரட்டினாள். அடியில் அதே மாதிரி ஒன்று, முழு வாலோடு, ஈர மண்ணில் கிடந்தது. குனிந்து பார்த்தாள். கறையான் ஒன்று ஊர்ந்து வந்தது. அது கிட்டே வரும்வரை இந்தப் பிராணி அசையாமல் கிடந்து, லபக்கென்று கவ்வி மென்று விழுங்கியது. பிறகு மிளகு அளவுக்கும் இல்லாத கண்ணை மூடித் திறந்தது. எந்தப் பாம்பு கண்ணை மூடும்? காலில்லாமல் பிறந்த அரணை அது. வேறொன்றுமில்லை.

பால்மா டின்னில் மண்ணோடு அள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே நீட்டினாள்.

"பாருங்க, கண்ண மூடி மூடித் தொறக்குது. கறையான் திங்குற சாதுங்க இது."

லிங்கம் எட்டிப் பார்த்தான். "இது வேற ஆளு. நம்மாளுக்கு வால் இல்ல."

வடிவம்மா டின்னோடு வெளியே போனாள். அரணையின் வாலை இரண்டு விரலால் பிடித்தாள், அவ்வளவுதான். அது ஒரு முறுக்கு முறுக்கி, வாலை அவள் கையிலேயே விட்டுவிட்டது. ஆபத்து வந்தால் வாலைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்வது அதன் பிழைப்பு. துள்ளிய வாலைத் தேயிலைச் செடிக்குள் வீசிவிட்டு உள்ளே வந்தாள்.

"இந்தாங்க, ஒங்க ஆளு."

"இதேதான்! மூஞ்சியப் பாத்தாலே தெரியுது!" என்று லிங்கம் கட்டிலை விட்டே குதித்துவிட்டான். சூடம் கொளுத்தினான். தட்டில் பாலும் முட்டையும் வைத்து, டின்னுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். லயமே கூடி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. "சாமி, தெரியாம வெட்டிப்புட்டேன். மன்னிச்சிரு" என்று தேம்பினான். அரணை பாலைத் திரும்பியும் பார்க்கவில்லை, மண்ணுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. மன்னித்தாயிற்று என்று லிங்கம் எல்லாருக்கும் அறிவித்தான். உரக்குழியிலேயே அதைக் கொண்டுபோய் விட்டார்கள்.

பொங்கலுக்கு முன்பே குடிபோனார்கள். லிங்கம் வெறுங்காலோடு மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினான்.

"வடிவு, எறங்கி வந்து பாரேன்! கோவாக் கன்னெல்லாம் வேர் புடிச்சிருச்சு!"

வடிவம்மா படிக்கட்டில் நின்றாள். காலமெல்லாம் ஆசைப்பட்ட மண் ஓரடிக்குக் கீழே கிடந்தது. அது அரணைதான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தவளே அவள்தான். ஆனால் தன் வாலை வாங்கியது யார் என்று அதற்கும் தெரியுமே! லிங்கமாவது மன்னிப்புக் கேட்டுவிட்டான். அவள் இன்னும் கேட்கவில்லையே!

"நீங்களே பாத்துட்டு வாங்க, எனக்கு அடுப்புல வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.