ஸைனுலாப்தீன் கடித்த நெல்

கிண்ணியாவில் பல்கீஸின் நெற்கடையை எவரும் காட்டுவார்கள். அவள் புருஷன் ஸைனுலாப்தீன் நானாவின் கடை என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். நானா மௌத்தாகிக் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. "பொம்பிளை மெஷினை நம்பி நெல்லைப் பழுதாக்கினா, அந்த யோசனையிலேயே மனிசன் போயிற்றார்" என்று ஒருவன் போன கிழமை தேத்தண்ணிக் கடையில் என் முகத்துக்கு நேரே சொன்னான். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அந்த நெல்லைக் கிளிவெட்டியிலிருந்து ஏற்றிக் கொண்டுபோன தரகன் நான், சோமசேகரம். நடந்ததை நானே சொல்கிறேன். பிறகாவது பல்கீஸை விட்டுவிட்டு அவனவன் தன் வேலையைப் பார்க்கட்டும்.

அந்த இருவரையும் போல நெல் வாங்கியவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. பல்கீஸ் கணக்கில் கெட்டிக்காரி. ஈரம் பார்க்கும் மெஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்ப்பாள். ஆலைக்காரரிடம் விலை கேட்பாள். மழை வருமா என்று போனில் தேடுவாள். எல்லாம் முடிந்தபிறகு, "கணக்குச் சரி, நீங்க சொல்லுங்க" என்று புருஷனைப் பார்ப்பாள். நானா மூடையின் நடுவிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்த நெல் டக்கென்று உடையும், ஈர நெல் நசியும். அதை யாரும் செய்யலாம். ஆனால் மனுசன் அதற்குப் பிறகு உடைந்த நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதுக்குத்தான் நான் பயப்படுவேன். மெஷினும் சரி, பல்லும் சரி என்றிருக்கும். "வேணாம் புள்ள, மனசுக்குப் புடிக்கல்ல" என்று விடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஒரு மூடைகூட இறங்காது. எத்தனை தரம் லொறியைத் திருப்பிக்கொண்டு கண்டபடி திட்டியபடி போயிருக்கிறேன். ஆனால் அடுத்த போகம் வந்தால் மறுபடி அவர்கள் வாசலில்தான் போய் நிற்பேன்.

நெல் பழுதான அந்தப் பெரும்போகத்தில் அறுப்பு நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கிடைத்த வெயிலில் காயப்போட்டு ஏற்றிக்கொண்டு போனோம். மெஷின் சரியென்று காட்டியது. விலையும் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் பல்கீஸின் முகம் தெளியவில்லை. மூடைக்குள் கையை விட்டு விட்டு எடுத்தாள்.

"கணக்கெல்லாம் சரிதான், சோமண்ணன். எனக்குத்தான் என்னவோ ஒரு மாதிரி இரிக்கி" என்றாள்.

பிறகு வழக்கம்போலப் புருஷனைப் பார்த்தாள். நானா ஒரு நெல்லை வாயில் போட்டார், தாடையை அசைத்தார், துப்பினார். கையில் எடுத்துப் பார்க்கவில்லை. "வாங்குவம்" என்றார். பல்கீஸ் மூடைகளை இறக்கச் சொன்னாள்.

கொஞ்ச நாளில் கடைக்குள் புளித்த வாடை எழும்பியது. மூடைக்குள் கைவைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊர்க்காரரின் பெயர் கெடப்போகிறதே என்று கொதித்துக்கொண்டு போனேன்.

"நானா, நீங்கள் கடிச்சுப் பாத்துத்தானே வாங்கினனீங்கள்? இப்ப என்ட தலையில போடாதேங்கோ" என்று கத்தினேன்.

பல்கீஸ்தான் பேசினாள். "மெஷினப் பழுது பாக்கிறவருக்கிட்டக் காட்டினோம், அண்ணன். அது பிழையாக் காட்டியிரிக்கி. உங்கள ஒண்டும் சொல்லல்ல." பிறகு ஒரு நெல்லை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். "இதக் கடிங்க."

அவர் வாங்கவில்லை. "ஏலாது புள்ள" என்றார்.

வாயைத் திறக்கச் சொன்னாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட அது திறக்கவில்லை. போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். காலமெல்லாம் வெற்றிலை அடக்கிய கன்னம் உள்ளே வெள்ளையாகத் தடித்து, நடுவில் புண் குழி விழுந்திருந்தது.

"எப்ப இருந்து?"

"போன நோம்புக்கு முந்தி இருந்து."

"அப்ப அண்டைக்கு எதுக்கு வாங்குவம் எண்டீங்க?"

"உன்ட கணக்குச் சரியெண்டியே. அது ஒரு நாளும் பிழைச்சதில்லயே."

"நீங்க கடிச்சிட்டீங்க எண்டுதானே நான் என்ட மனச அடக்கினன்" என்றாள் பல்கீஸ். அவள் குரல் உடைந்துவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கெட்ட நெல் மூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. வெட்டியும் பார்த்தார்கள், கதிர் வைத்தியமென்று கரண்டும் பிடித்தார்கள். கடைசியில் குழாயால் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். அடுத்த பெரும்போகத்தை அவர் காணவில்லை. பழுதான நெல்லைப் பற்றி அந்த மனுசன் ஒரு வார்த்தை கதைத்ததை நான் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

புருஷன் மௌத்தானவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து கடைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் பல்கீஸைப் பார்க்க முடிந்தது. மெலிந்து, கழுத்து நீண்டு போயிருந்தாள். எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டுத் தானாகவே கதைக்கத் தொடங்கினாள்.

"அந்த நோம்புல சமோசாவத் தொடாம கஞ்சிய மட்டும் குடிச்சார், சோமண்ணன். நான் கண்டன். என்ட நெஞ்சு துணுக்கெண்டிச்சி. கேட்டா, பல்லுக் கூச்சம் எண்டார். அவர்ட வயசப் பாத்தன், வெத்தில போடுறதையும் நினைச்சன். பல்லாத்தான் இரிக்கும் எண்டு எல்லாம் சரியா வந்திச்சி. விட்டிட்டன். அந்த நேரமே கொண்டு வந்திரிந்தா புண்ண மட்டும் எடுத்து உட்டிரிக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார்."

"உன்ட பிழை இல்லை, தங்கச்சி. அந்தாள் மறைச்சா நீ என்ன செய்வாய்?" என்றேன்.

"யோசிச்சுப் பாத்தா அதுதான் சரி, அண்ணன். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை. "மனசு மட்டும் என்ட பிழை எண்டுது. ஒருக்கா அத அடக்கித்தானே அவரப் பறிகுடுத்தன். இனி அத நம்புறதா, வேணாமா?"