நான் வாசிக்காத வரிகள்

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. உங்களை நம்ப வைக்க என்னிடம் தெம்பு இல்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் க்வெண்டா ஆலர்ட்டன். பாதி ஆயுளுக்கு மேல் ஓபோ வாசித்தவள். இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் மெல்லிய கறுப்புக் குழல் அது. அழுகைக்கும் ஆட்டிடையன் பாட்டுக்கும்தான் லாயக்கு என்று ரொம்ப காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இசை எழுத வந்தவர்கள் அதைச் சும்மா விடவில்லை. மூன்று நான்கு பேர் மட்டும் உட்கார்ந்து வாசிக்கும் சின்னக் கச்சேரிகளுக்கு எழுதி, அதைச் சிரிக்க வைத்தார்கள், கத்த வைத்தார்கள், ஒரே மூச்சில் இரண்டு சுரம் பேச வைத்தார்கள். எழுதுகிறவர்களுக்கு என்ன... ஊதுகிற உதடு என்னுடையது.

1974 ஜனவரி. இங்கிலாந்து முழுக்க நிலக்கரித் தட்டுப்பாடு. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம். வயலினுக்கு டெஸ்மண்ட், வயோலாவுக்கு வெர்னன், செல்லோவுக்கு ரோடா, இவர்களோடு நானும் ஒரு ஓட்டை வேனில் யார்க்‌ஷயர் மலையூர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆறிப்போன இறைச்சி ரொட்டி, ஈரப் படுக்கை, மறுநாள் அடுத்த ஊர். என் கீழுதடு வெடித்து ஆறவே இல்லை. ஸ்கார்த்வெயிட்டில் கடைசிக் கச்சேரி. அதோடு ஓபோவை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ரோடாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

கைவிடப்பட்ட ஒரு ஜெபக்கூடத்தைத்தான் அந்த ஊர் இசைச் சங்கம் அரங்கமாக வைத்திருந்தது. விளக்கு கிடையாது என்பதால் பகல் மூன்று மணிக்கே கச்சேரி. செயலாளர் மிசஸ் பிக்கப் மேடை ஓரத்தில் மெழுகுவத்திகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். சீவாளியை எடுத்தேன். ஈரமாக இருந்தது.

நான் அதைத் தொட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஈரம் மட்டும் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ வாயிலிருந்து எடுத்தது போல... யோசிக்கச் சோம்பலாக இருந்தது. துடைத்துவிட்டுச் செருகினேன்.

மற்றவர்கள் சுருதி சேர்க்க ஓபோதான் ஆதார சுரம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். நிறுத்தினேன். மூவரும் தந்திகளை முறுக்கினார்கள்.

"போதும் க்வெண்டா," என்றான் டெஸ்மண்ட் தலை நிமிராமல். "ஒரு சுரம் குடுத்தாப் போதும். இது என்ன, அன்னதானமா?"

"நான் எப்பவோ நிறுத்திட்டேன்."

ஓபோ என் மடியில் கிடந்தது. சுரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பழைய கட்டடம்டி," என்றாள் ரோடா. "எதிரொலி."

எதிரொலி தேயும். இது கடைசியில் கொஞ்சம் பெருத்தது. அப்புறம் சட்டென்று நின்றது.

வெர்னன் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "சூடா டீ கெடைக்குமா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கோட்டும் கம்பளித் தொப்பியுமாய் அறுபது பேர் வந்திருந்தார்கள். அவ்வளவு குளிர். எல்லார் மூச்சும் புகையாகத் தெரிந்தது. முதல் பகுதியை ஒப்பேற்றினேன். இரண்டாவது பகுதி மெதுவானது. தந்திகள் அடங்கிய குரலில் கீழே ஓடும். மேலே ஓபோ தனியாக. விசும்பலில் தொடங்கும். சிரிப்பாகும். அலறலாகும். கடைசியில் குழந்தையைத் தூங்க வைக்கும் முணுமுணுப்பாக இறங்கும். எட்டு வரி. அதை ஒருநாளும் நான் முழுசாக வாசித்ததில்லை. சுரம் வரும். உயிர் வராது.

மூன்றாம் வரியில் உதடு கிழிந்தது. வாயில் ரத்தம். வலியைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. போதும் என்று தோன்றியது.

ஓபோவை இறக்கி மடியில் வைத்தேன்.

வாசிப்பு நிற்கவில்லை.

விட்ட சுரத்திலிருந்தே அது தொடர்ந்தது. டெஸ்மண்டின் வில் ஓடிக்கொண்டிருந்தது. வெர்னனுடையதும். ரோடா கண்ணை மூடியிருந்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. முதல் வரிசைக் கிழவர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

சிரிப்பு வந்தது. நான் வாழ்நாளெல்லாம் தேடிய அந்தச் சிரிப்பு. பிறகு அலறல். இரண்டு சுரம்... ஒரே தொண்டையில்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமை.

அப்புறம்தான் கவனித்தேன். சத்தம் என் இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

திரும்பவில்லை.

என் வாய் மூடியிருந்தது. மூச்சைப் பிடித்திருந்தேன்.

என் இடது கன்னத்தை ஒட்டி... வெள்ளைப் புகை.

ஒரு மூச்சு.

இன்னொன்று.

சூடாக.

முணுமுணுப்பு தொடங்கியது. பாதியில் நின்றது. தந்திகள் மட்டும் கேட்டன. அது காத்திருந்தது. எனக்காக.

ஓபோவைத் தூக்கினேன். மிச்சத்தை நானே வாசித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

கைதட்டல் நிற்கவே இல்லை. திரைக்குப் பின்னால் டெஸ்மண்ட் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் பேசினான்.

"இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

ரோடா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுறேன்னு சொன்னியே... இப்படி வாசிக்கிறவ விடலாமாடி?"

ஓபோவை அன்றைக்கே விட்டேன்.

வசந்தத்தில் லண்டன் போனேன். சீவாளி நாணல் விற்கும் கடை ஒன்றில், மிச்சமிருந்த என் நாணலைத் திருப்பிக் கொடுக்க. அங்கே செட்ரிக் லோமாக்ஸ் நின்றிருந்தார். அவரும் ஓபோக்காரர், என்னைவிட மூத்தவர். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஸ்கார்த்வெயிட்ல வாசிச்சியாமே."

"ஆமா."

"எங்கேருந்து கேட்டுச்சு?"

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும்.

"நான் அங்க வாசிச்சப்போ ஜெபக்கூடத்து மேல் மாடியில, கடைசி வரிசையிலேருந்து கேட்டுச்சு," என்றார் அவர். "அப்புறம் ஐரிஸ் போனா, அவளும் ஓபோக்காரிதான். அவளுக்கு நடு நடைபாதையில. உனக்கு?"

என் இடது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"ஒவ்வொரு தடவையும் கிட்ட வருது," என்ற செட்ரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று மாலையே மிசஸ் பிக்கப்புக்குப் போன் செய்தேன். இனி ஓபோ வேண்டாம் என்றேன். வேறு எதையாவது வையுங்கள் என்றேன்.

"அடடா, வர ஜனவரிக்கு ஆள் பேசியாச்சேம்மா. லீட்ஸ் பொண்ணு. ப்ரூனா. சின்ன வயசு, நல்லா ஊதுவாளாம்."

நம்பர் வாங்கி அந்தப் பெண்ணிடமும் பேசினேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

"மேடம், இது எனக்கு மொதல் வாய்ப்பு. தயவுசெஞ்சு பயமுறுத்தாதீங்க."

போனை வைத்துவிட்டேன்.

ஜனவரியில், கச்சேரிக்கு மறுநாள் காலை, மிசஸ் பிக்கப்பே என்னைக் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் பொங்கியது.

"நீங்க அனாவசியமாப் பயந்தீங்க. அப்படி ஒரு வாசிப்பை இந்த ஊரு கேட்டதே இல்ல. ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல..."

"என்ன?"

"அரை மணி நேரம், ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு ஒரு தடவைகூட மூச்சே எடுக்கல."