என் கடையில் வாங்கிய குழாய்

கிருஷ்ணகிரியில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. குழாய், கிளாம்பு, கயிறு, பெயின்ட், ஆணி என்று எல்லாம் விற்போம். எண்பதுகளில் அதை நானும் என் தம்பியும் பார்த்துக்கொண்டோம். அந்தக் கடைக்கு வாரம் ஒரு தடவையாவது வந்து போகும் ஒரு ஃபிட்டர் மேல் எனக்குப் பல வருடம் பொறாமை இருந்தது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனாலேயே இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை.

ஃபிட்டருக்கு ஓசூரில் ஒரு ஃபைபர் கம்பெனியில் வேலை. தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட்டு எல்லாம் கண்ணாடி இழையில் வார்க்கிற இடம். வீடு எங்கள் தெருவுக்குப் பின்தெருவில். தினமும் பஸ்ஸில் போய் வருவார். ஞாயிறானால் நாங்கள் இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவோம். ஒருமுறை பெங்களூர் கிளப் ஒன்றுக்காக அந்தக் கம்பெனியில் ஒற்றையாள் படகுகள் செய்தார்கள். ஒல்லியாக, நீளமாக, நடுவில் உட்கார ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் அலகு வைத்த ஒரே துடுப்பு. இப்போது அதைக் கயாக் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவற்றில் இரண்டு லேசாகக் கோணிப்போய் ரிஜெக்ட் ஆகிக் கிடந்தன. கம்பெனியில் கேட்டு, முறையாகக் கேட் பாஸ் போட்டு, இரண்டையும் அவர் வாங்கிவந்தார்.

"கரையில உக்காந்து உக்காந்து போரடிக்குதுன்னு சொன்னீங்களே பாய். ஒண்ணு உங்களுக்கு. இனி உள்ளயே போயிடலாம்," என்றார்.

பாரூர் ஏரிக்கரையில் அவருக்குத் தெரிந்த கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மோட்டார் கொட்டகையில் படகுகளைப் போட்டு வைத்தோம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், வலை போடாமல் தூண்டில் மட்டும் போடுவதாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டார். ஞாயிறு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் கிளம்பிவிடுவோம்.

படகுகள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. கோணல்கூட ஒரே பக்கம்தான். அவற்றின் மேல் நாங்கள் என்ன வைத்தோம் என்பதில்தான் வித்தியாசம் தொடங்கியது.

நான் பெங்களூரில் இருந்த என் மச்சானைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். பளபளவென்று நூல் சுற்றுகிற ஒரு ரீல், ஃபைபரில் தூண்டில் கழி, குடை மாதிரி மடங்குகிற நங்கூரம், அலுமினியக் கைப்பிடி போட்ட கைவலை, மூன்று அடுக்காகத் திறக்கிற ஒரு பெட்டி. எல்லாவற்றையும் அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் துண்டு விரித்துப் பரப்பினேன். தோட்டக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பெட்டியை நாலு தடவை திறந்து மூடினார். எனக்கு மீனே வேண்டாம் போல இருந்தது.

தண்ணீருக்குள் போனதும் ஒரு தொல்லை தெரிந்தது. துடுப்புப் போட இரண்டு கையும் வேண்டும். கழியை எங்கே வைப்பது? தொடைக்கு நடுவில் இடுக்கினால் நழுவியது. காலடியில் போட்டால் நூல் சிக்கியது. நான் அன்று முழுக்கச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஃபிட்டர் கடைக்கு வந்தார். "ஒன்றரை இஞ்ச் பிவிசி ரெண்டடி குடுங்க பாய். வெட்டின துண்டு இருந்தாலும் போதும்."

மூலையில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். கூடவே இரண்டு கிளாம்பு.

ஞாயிறு அவருடைய படகில் உட்காரும் பள்ளத்துக்குப் பின்னால், சாய்வாக, அந்தக் குழாய் நின்றது. வாயை அடுப்பில் காட்டி விரித்திருந்தார். ரீலின் கால் உட்கார வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு காடி வெட்டி, காடி முடிகிற இடத்தில் வட்டமாக ஒரு துளையும் போட்டிருந்தார். அழகுக்கு என்று நினைத்துக்கொண்டேன். கழியை அதில் செருகிவிட்டு இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக்கொண்டு அவர் ஏரியின் நடுவுக்குப் போனார். கழி அவர் முதுகுக்குப் பின்னால் ஆடாமல் நின்றது.

என்னுடைய கடைக் குழாய் அது. என் கையால் எடுத்துக் கொடுத்தது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் படுவது அந்தக் குழாய் அடுக்குதான். எனக்கு ஏன் அது குழாயாகவே தெரிந்தது?

"உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தரட்டுமா பாய்?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. பெங்களூர்ல ரெடிமேடா கிடைக்குமாம், சொல்லியிருக்கேன்," என்றேன். அப்படி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. துடுப்பு கைநழுவிப் போகாமல் இருக்க சைக்கிள் டியூப்பில் ஒரு வார். தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டித் தூண்டில் மிதவை. நாலு கம்பியை வளைத்துப் பற்றவைத்த நங்கூரம். அது புதரில் மாட்டினால் இழுத்த இழுப்பில் கம்பி நிமிர்ந்து கழன்று வந்துவிடும். என்னுடைய மடங்குகிற நங்கூரம் மூன்றாவது மாதமே ஒரு முள்மரத்தடியில் மாட்டிக்கொண்டது. கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வர முடிந்தது. தோட்டக்காரர் இப்போது நேராக அவர் படகுப் பக்கம் போய்க் குனிந்து பார்ப்பார். என் பெட்டியை யாரும் திறக்கச் சொல்வதில்லை.

வீட்டில் வேறு. ஃபிட்டர் மனைவியும் என் மனைவியும் ரேஷன் கடையில் பேசிக்கொள்வார்கள்.

"அவங்க வீட்ல துணிக்கொடிகூட அவரே மாட்டினாராம். மழை வந்தா ஒரே இழுப்புல எல்லாத் துணியும் உள்ள வந்துடுதாம்," என்றாள் என் மனைவி ஒருநாள். "நாம குழாய்க் கடை வெச்சிருக்கோம். நம்ம சமையல்கட்டுக் குழாய் மூணு மாசமா ஒழுகுதுங்க."

நான் சாப்பாட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் அவர் கப்பி கேட்டு வந்தார். "கோழிப்பண்ணைத் திரை இழுக்கிற சின்னக் கப்பி இருக்குங்களா பாய்? ரெண்டு வேணும். படகுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு மாட்டி நடுவுல கயிறு ஓட விட்டா, நங்கூரக் கயித்த உக்காந்த இடத்துல இருந்தே முன்னயும் பின்னயும் நகர்த்தலாம். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் படகு குறுக்கால திரும்பாது."

சொல்லும்போதே அவர் கை காற்றில் கயிற்றை இழுத்துக் காட்டியது. எனக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் ஒரு டஜன் கப்பி இருந்தது.

"ஸ்டாக் இல்லீங்களே. ஆர்டர் போட்டா வர ஒரு மாசம் ஆகும்," என்றேன்.

"பரவால்ல பாய், வேற ஏதாவது பண்ணிக்கறேன்," என்று போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு அவர் படகில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு கப்பிகள் இருந்தன. எங்கள் கடைச் சரக்கு. நான் அவற்றையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நேத்து ஆணி வாங்க வந்தேன் பாய். உங்க தம்பி இருந்தாரு. கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டாரு. நீங்க மறந்திருப்பீங்க," என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் குனிந்து புழு டப்பாவைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள் பெருகப் பெருக, ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஏரிக்கரைக்கு வருகிறவர்களும் பெருகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஃபிட்டர் செய்த குழாயைப் போலவே ஒரு பட்டறையில் இருபது செய்யச் சொல்லி, கரையில் குத்தி வைக்க அடியில் ஒரு கம்பியும் பொருத்தி, கடை வாசலில் தொங்கவிட்டேன். வட்டத் துளை வீண் வேலை என்று விட்டுவிட்டேன். யார் கேட்டாலும், "நம்ம ஐடியாதான்," என்றேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுக்கியது. ஐந்தாறு பேருக்குப் பிறகு நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஃபிட்டர் அதைப் பார்த்தார். பார்க்காமல் எப்படி இருப்பார், தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவசரமாக உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாக்களை அடுக்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஃபிட்டர் எங்கள் கடையில் நின்றிருந்த நேரத்தில், எங்களிடம் குழாய் வாங்கிப்போயிருந்த ஒரு மெஷின் ஆபரேட்டர் சூளகிரியிலிருந்து வந்தார். கோபத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து வந்தது. "ஏமி பாய் இதி?" என்று ஒரு குழாயை மேஜை மேல் போட்டார். காடியிலிருந்து அடிவரைக்கும் பிளந்திருந்தது. "பெரிய கட்லா மீனு. ஒரே இழுப்பு. குழாய் பொளந்துச்சு, கழி தண்ணிக்குள்ள போயிடுச்சு. எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த கழி!"

ஃபிட்டர் அந்தக் குழாயைக் கையில் எடுத்தார்.

"தப்பு என்மேலதாங்க," என்றார். "இந்தக் காடி முடியற இடத்துல ஒரு வட்ட ஓட்டை போடணும். அப்பதான் பொளவு அதுக்குக் கீழ ஓடாது. பாய்க்கு இதச் சொல்லிக் குடுக்கும்போது அந்த ஒண்ண மட்டும் சொல்ல விட்டுட்டேன்."

அவர் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் கேட்டதே இல்லை.

ஆபரேட்டருக்கு நல்ல கழி ஒன்றைப் பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். சொன்னபடி தரவும் செய்தேன். அவர் போனதும் கடையில் நாங்கள் இருவர் மட்டும். நன்றி சொல்ல வேண்டிய நேரம். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. கைவேலைதான் அவருக்கு என்று நினைத்திருந்தேன். இந்தக் குணமும் அவரிடமே இருக்க வேண்டுமா?

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். குரல் சண்டைக்காரன் குரலாக வந்தது.

"வேற என்ன சொல்றது? கடைக்குப் பேரு கெட்டுப்போகுமே." குழாயைக் கீழே வைத்தார். பிறகு, "ஆனா உங்க ஐடியான்னு சொல்லிட்டிருக்கீங்களாமே பாய். அது கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு," என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வாங்க வந்த ஹேக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் தொங்கிய குழாய்களை அன்றே இறக்கி, டிரில்லால் நானே துளை போட்டேன். முன்பே வாங்கிப் போனவர்களில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு அவர்களுடைய குழாய்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். கேட்டவர்களிடம், "பின்தெரு ஃபிட்டர் கண்டுபிடிச்சது," என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அது தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. இரண்டு ஞாயிறு அவர் ஏரிக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவே இல்லை.

டிரில் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. படகுக்குள் தேங்குகிற தண்ணீரை இருவரும் அதுவரை தேங்காய்ச் சிரட்டையால்தான் இறைத்துக்கொண்டிருந்தோம். நான் என்ஜின் ஆயில் வந்த ஒரு பிளாஸ்டிக் கேனைக் குறுக்காக வெட்டினேன். கேனின் பிடியே கைக்குப் பிடி. வெட்டிய வாய், படகின் அடி வளைவோடு ஒட்டி உட்கார்ந்தது. நாலு அள்ளலில் படகு காலி. ஃபிட்டர் அதை வாங்கி, தன் படகையும் இறைத்துப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்குது பாய். யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான்," என்றேன். இந்தத் தடவை அது உண்மை. வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு அவரும் அதே போல ஒரு கேனை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். "பாயப் பாத்துச் செஞ்சதுதான்," என்று தோட்டக்காரரிடம் என் முன்னாலேயே சொன்னார். நெஞ்சு நிறைந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க, சைக்கிள் டியூப்பைப் பிளந்து சுற்றிலும் மாட்டியிருந்தார். மூடியை இறுக்கி, கேனுக்குள் கொஞ்சம் தெர்மாகோலும் ஒட்டியிருந்தார், தண்ணீரில் விழுந்தாலும் மிதப்பதற்காக.

நான் என்னுடைய கேனைப் படகுக்குள் காலடியில் தள்ளிவிட்டுத் துடுப்பை எடுத்தேன்.